டீபக்கரில் எச்சரிக்கை தரும் நிரல்கோடும் சிம்பல் படிக்கும் நிரல்கோடும் பின்னிக் கிடக்கின்றன: எதை முதலில் பிரிப்பது?

புதுவயல்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். புதுவயல் அரிசி ஆலைகளில் ஓடுகிற கலர் சார்ட்டர் போர்டுகளுக்கான டீபக்கர் ஒன்றைப் பராமரிக்கிறோம். போர்டில் கார்டெக்ஸ் எம்4 சிப், ஃபிளாஷ் 0 முகவரியில் தொடங்குகிறது. டீபக்கர் சி பிளஸ் பிளஸ் 17. எல்ஃப் ஃபைலை (கம்பைல் செய்த நிரல் இருக்கும் ஃபைல்) திறந்து, டுவார்ஃப் தகவலை (கம்பைலர் அதில் எழுதும் டீபக் தகவல் வடிவம்) படித்து, ஃபங்ஷன், வேரியபிள், வரி எண் அட்டவணைகளைக் கட்டும்; இதைத்தான் சிம்பல் வாசிப்பு என்கிறேன். இது முழுக்க ஒரே ஃபைலில், ஏறக்குறைய 9,000 வரி.

ஃபைலின் தலையில் அறுபதுக்கு மேற்பட்ட ஸ்டாடிக் ஸ்ட்ரக்ட்கள் இருக்கின்றன. ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் ஒன்று: செய்தி, எத்தனை முறை வந்தது என்ற எண்ணிக்கை, அடுத்ததைக் காட்டும் பாயிண்டர். படிக்கும் ஃபங்ஷன்கள் நடுவிலேயே அவற்றை எடுத்து ஸ்டாண்டர்ட் எர்ரரில் அச்சிட்டுவிடும். எடிட்டர் பிளக்இன்னால் அந்தச் செய்தியைப் பிடிக்க முடியவில்லை. படிப்பதை 4 த்ரெட்டுக்குப் பிரித்த பிறகு ஒரு செய்தியின் பாதியும் இன்னொன்றின் பாதியும் ஒரே வரியில் வருகின்றன.

இதற்கிடையில் ஜிசிசி கம்பைலரில் 10-லிருந்து 12-க்கு மாறினோம். எச்சரிக்கை நூற்றுக்கணக்கில் கொட்டுகிறது. சில யூனிட்களின் (தனித்தனியாகக் கம்பைல் ஆகும் சோர்ஸ் ஃபைல்களின்) பெயர் காலியாக வருகிறது. ஹெட்டர் ஃபைலில் உள்ள இன்லைன் ஃபங்ஷன்களுக்குத் தவறான ஃபைல் பெயர் காட்டுகிறது. மெயின் சோர்ஸில் உள்ளவை மட்டும் சரியாக இருக்கின்றன.

எச்சரிக்கையைத் தனி மாட்யூலாக்கி, சிம்பல் வாசிப்பையும் ஐந்தாறு ஃபைலாகப் பிரிக்க வேண்டும். இரண்டையும் ஒரே பிராஞ்சில் ஒரே மூச்சில் செய்யலாமா, வரிசை முக்கியமா? குனு டீபக்கரான ஜிடிபி-யில் இதை எப்படிச் செய்திருக்கிறார்கள்?

---

செக்காலை ரோடு எழுதியது:

தம்பி, ஒரே மூச்சில் வேண்டாம். எச்சரிக்கையை முதலில் பிரித்துவிடுங்கள். சிம்பல் கோடை நகர்த்தும்போது எதையாவது உடைத்தீர்களா என்று சொல்லக்கூடிய சாட்சி அந்த எச்சரிக்கைகள்தான். அவை ஒழுங்கான பட்டியலாக வெளியே வந்தால், நகர்த்துவதற்கு முன்னும் பின்னும் ஒரே எல்ஃப் ஃபைலைப் படித்து இரண்டு பட்டியலையும் ஒப்பிடலாம். இப்போது இருப்பது போல ஸ்டாண்டர்ட் எர்ரரில் கலங்கி வந்தால் ஒப்பிட எதுவும் மிஞ்சாது.

முதல் வேலை அந்த அறுபதையும் மூன்று வகையாகப் பிரிப்பது. படிப்பையே தொடர முடியாதது பிழை: எக்செப்ஷன் எறியுங்கள். பயனர் ஏதாவது செய்தாக வேண்டியது எச்சரிக்கை: எல்ஃப் ஃபைல் போர்டில் இருக்கும் நிரலைவிடப் பழையது என்பது போல. கம்பைலர் எழுதிய டீபக் தகவலில் கோளாறு, ஆனால் அதைத் தாண்டிப் படிக்கலாம் என்பது மூன்றாவது. ஜிடிபி இதை 'கம்ப்ளெயின்ட்' என்கிறது, நாம் முறையீடு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் அறுபதில் பெரும்பாலானவை இந்த மூன்றாவது வகையாகத்தான் இருக்கும். ஆலையில் உட்கார்ந்து போர்டைச் சரிபார்ப்பவருக்கு அவற்றால் பயனில்லை, உங்களுக்குத்தான் பயன். அதனால்தான் ஜிடிபி-யில் முறையீட்டின் வரம்பு இயல்பாக 0: ஒன்றும் காட்டாது. 'செட் கம்ப்ளெயின்ட்ஸ் 10' என்று கொடுத்தால் ஒவ்வொரு வகைச் செய்தியும் பத்து முறை வரை வரும்.

ஜிடிபி-யும் பல காலம் உங்களைப் போலவே செய்திக்கு ஒரு ஸ்டாடிக் ஸ்ட்ரக்ட் வைத்திருந்தது. 2002-இல் அவற்றை எடுத்துவிட்டு, செய்தி வடிவத்தை அழைக்கும் இடத்திலேயே எழுதும் ஒற்றை ஃபங்ஷனுக்கு மாறியது. 2018-இல் அந்த ஃபங்ஷனுக்கு எங்கும் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த 'எந்த முறையீட்டுப் பட்டியல்' என்ற முதல் ஆர்க்யுமென்ட்டும் போய்விட்டது, ஏனென்றால் எல்லா இடத்திலும் அதே ஒரு பட்டியல்தான். இப்போது அது ஒரு மேக்ரோ. வரம்பு 0-க்கு மேல் இருந்தால் மட்டுமே உள் ஃபங்ஷனை அழைக்கும், ஆர்க்யுமென்ட்களும் அப்போதுதான் கணக்கிடப்படும். முகவரியை எழுத்தாக மாற்றுவது போன்ற செலவு ஒவ்வொரு முறையும் விழாது. இந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஜிடிபி-யின் கோடை வெட்டி ஒட்டாதீர்கள். அது ஜிபிஎல் 3 உரிமத்தில் உள்ளது. உங்கள் டீபக்கரை வேறு உரிமத்தில் ஆலைகளுக்குக் கொடுத்தால் சிக்கல் வரும். யோசனையை எடுங்கள், கோடை நீங்களே எழுதுங்கள்.

எண்ணிக்கைக்கு ஜிடிபி ஒரு ஹாஷ் மேப் வைத்திருக்கிறது. அதன் சாவி வடிவச் சரத்தின் பாயிண்டர், சரத்தின் உள்ளடக்கம் இல்லை. வேகமாக இருக்கும், ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும்.

ஒன்று, அதே வாசகத்தை இரண்டு ஃபைலில் எழுதினால் லிங்கர் அவற்றை ஒன்றாக்கலாம், ஆக்காமலும் விடலாம். நீங்கள் ஃபைலைப் பிரிக்கப் போகிறவர். நேற்று வரை ஒரே ஃபைலுக்குள் ஒரே எண்ணிக்கையாக இருந்தது நாளை இரண்டாக உடையலாம், வரம்பு 10 என்றால் 20 செய்தி வரலாம். இன்னொன்று, யாராவது வடிவத்தை ஓடும்போது ஒரு ஸ்டிரிங்கில் கட்டி அதன் உள் பாயிண்டரைக் கொடுத்தால், அந்த நினைவகம் விடுபட்டு அடுத்த ஸ்டிரிங்குக்கு அதே முகவரி கிடைக்கும். முற்றிலும் வேறான முறையீடு பழையதின் கணக்கில் ஏறி, வரம்பைத் தாண்டிவிட்டதாக எண்ணி அச்சாகாமலே போகும். இதைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். உங்களிடம் அறுபது வகைதான் என்பதால் நான் எனம் (பெயரிட்ட எண்களின் பட்டியல்) ஒன்றைச் சாவியாக வைப்பேன். வகை, யூனிட்டின் ஆஃப்செட், டையின் (டுவார்ஃபில் ஒரு ஃபங்ஷன் அல்லது வேரியபிளுக்கான பதிவு) ஆஃப்செட், செய்தி என்று நான்கு புலம் போதும். பிளக்இன்னுக்கும் அந்த நான்கையே கொடுங்கள், வரியை வெட்டி ஆராய வேண்டியிருக்காது.

ஃபங்ஷனுக்கு ஃபார்மட் பண்பைக் கட்டாயம் போடுங்கள், கம்பைலர் ஆர்க்யுமென்ட் வகைகளைச் சரிபார்க்கும். அது கிளாஸின் மெம்பர் என்றால் மறைவாக வரும் முதல் ஆர்க்யுமென்ட்டையும் எண்ண வேண்டும்: பண்பில் தரும் இரண்டு எண்கள் 1, 2 இல்லை, 2, 3. விஏ லிஸ்ட் (எண்ணிக்கை மாறும் ஆர்க்யுமென்ட்களின் பட்டியல்) வாங்கும் உள் ஃபங்ஷனுக்கு இரண்டாவது எண் 0.

விஏ லிஸ்ட்டை இரண்டு முறை பயன்படுத்தினால், அதாவது நீளம் அளக்க ஒரு முறை, எழுத ஒரு முறை என்றால், நடுவில் விஏ காப்பி செய்யுங்கள். 32 பிட் எக்ஸ்86-இல் அது வெறும் பாயிண்டர் என்பதால் காப்பி இல்லாமலும் ஓடிவிடும். 64 பிட் லினக்ஸில் அது ரெஜிஸ்டர் நிலையைச் சுமக்கும் ஒற்றை உறுப்பு அரே. முதல் பயன்பாட்டிலேயே நகர்ந்துவிடும், இரண்டாவது முறை குப்பை அச்சாகும்.

---

அரியக்குடி எழுதியது:

அண்ணன் சொன்ன வரிசைதான் சரி. ஜிசிசி 12-இல் வந்த கோளாறுக்குக் காரணம் தெளிவானது: ஜிசிசி 11 முதல் இயல்பான வடிவம் டுவார்ஃப் 5. உங்கள் வாசிப்பான் 4 வரைக்கும் எழுதியது. பிரிக்கும் வேலை முடியும் வரை 'டுவார்ஃப் 4' கொடி கொடுத்துக் கம்பைல் செய்து ஓட்டுங்கள். கோடை நகர்த்துவதும் புதிய வடிவத்தைச் சேர்ப்பதும் ஒரே கமிட்டில் வரக்கூடாது.

ஃபைல் பெயர் தவறுவது இப்படி. டுவார்ஃப் 4-இன் வரி அட்டவணையில் ஃபைல்களின் எண் 1-லிருந்து தொடங்கும், 5-இல் 0-லிருந்து. உங்கள் கோடு எண்ணிலிருந்து 1 கழித்து அரேயில் தேடுகிறது. ஜிசிசி-யும் அசெம்பிளரும் சேர்ந்து பெரும்பாலும் 0-ஆம் இடத்திலும் 1-ஆம் இடத்திலும் அதே மெயின் சோர்ஸையே எழுதுகின்றன. எண் 1 வந்தால் கழித்து 0-ஆம் இடத்தைப் பார்க்கிறீர்கள், அங்கேயும் மெயின் சோர்ஸ், தற்செயலாகச் சரி. எண் 2, அதாவது முதல் ஹெட்டர், வந்தால் 1-ஆம் இடத்தைப் பார்க்கிறீர்கள், அங்கே மறுபடியும் மெயின் சோர்ஸ். எண் 3 வந்தால் முதல் ஹெட்டர். அதனால்தான் ஹெட்டர் ஃபங்ஷன்கள் மட்டும் ஓர் இடம் தள்ளி நிற்கின்றன.

யூனிட் பெயர் காலியாவது வேறு காரணம். 5-இல் யூனிட்டின் பெயரும் டைரக்டரியும் 'லைன் ஸ்டிரிங்' என்ற தனிப் பகுதியில் இருக்கலாம். அந்தப் பகுதியை நீங்கள் ஏற்றவே இல்லை.

நூற்றுக்கணக்கான முறையீட்டுக்கு, என் ஊகம், 'இம்ப்ளிசிட் கான்ஸ்ட்' என்ற ஃபார்ம். அதன் மதிப்பு டீபக் இன்ஃபோ பகுதியில் இல்லை, சுருக்க அட்டவணையிலேயே (ஒரு டையில் என்னென்ன பண்பு, எந்த ஃபார்மில் வரும் என்ற பட்டியல்) குறியுடைய லெப்128 எண்ணாக (பைட் நீளம் மாறும் எண் வடிவம்) உட்கார்ந்திருக்கும். சுருக்கத்தைப் படிக்கும் ஃபங்ஷன் அதைத் தாண்டாவிட்டால் அடுத்த பண்பு முதல் எல்லாம் பைட் தவறிப் படிக்கப்படும். ஒரு தவறு நூறு முறையீடாகப் பெருகும். இதில் ஒரு பாடம் இருக்கிறது: ஒரு யூனிட்டில் சுருக்க அட்டவணை உடைந்தது தெரிந்தவுடன் அந்த யூனிட்டை அங்கேயே கைவிட்டு, ஒரே ஒரு முறையீடு எழுதுங்கள்.

இப்போது பிரிப்பதற்கு வருகிறேன். கீழிருந்து மேலே போங்கள். முதலில் பைட் வாசிப்பான்: எல்லை தெரிந்த ஒரு கர்ஸர், லெப்128, நீளம் படிப்பது. அதன் மேல் சுருக்க அட்டவணை. பிறகு யூனிட் தலைப்பு, பண்பு மதிப்பு, வரி அட்டவணை. கடைசியில் டை மரமும் சிம்பல் கட்டுவதும். பைட் வாசிப்பானுக்கு முறையீடு என்றால் என்னவென்றே தெரியக்கூடாது, தோல்வி என்று மட்டும் திருப்பித் தர வேண்டும். எந்த யூனிட்டில், எந்த டையில் இருக்கிறோம் என்பது மேலே உள்ளவனுக்குத்தான் தெரியும். அவன்தான் முறையீட்டை எழுத வேண்டும். ஜிடிபி-யிலும் 2020-இல் டுவார்ஃப் கோடுகளைத் தனி டைரக்டரிக்குக் கொண்டுபோய், சுருக்கம், வரித் தலைப்பு என்று துண்டுகளாகப் பிரித்தார்கள்.

யூனிட் தலைப்பைத் தனியாக எடுக்கும்போதே 5-க்கு இடம் விட்டு எழுதுங்கள். 4-இல் வரிசை: நீளம், பதிப்பு, சுருக்க ஆஃப்செட், முகவரி அளவு. 5-இல்: நீளம், பதிப்பு, யூனிட் வகை, முகவரி அளவு, சுருக்க ஆஃப்செட். நீளத்தின் முதல் நான்கு பைட்டும் 255 என்றால் அது 64 பிட் வடிவம், உண்மையான நீளம் அடுத்த எட்டு பைட்டில்.

பண்பு மதிப்பில் ஒரு கண்ணி இருக்கிறது. கிளாங் கம்பைலர், டுவார்ஃப் 5-இல் ஸ்டிரிங்கை நேரடியாகத் தராமல் அட்டவணை எண்ணாகத் தரும். அந்த அட்டவணை எங்கே தொடங்குகிறது என்பதும் அதே டையில் ஒரு பண்பாகவே வரும், அதுவும் பெயருக்குப் பிறகு வரலாம். ஆகவே யூனிட்டின் முதல் டையை இரண்டு சுற்றாகப் படிக்க வேண்டும்: முதல் சுற்றில் எண்களை அப்படியே வைத்துக்கொண்டு அடித்தள ஆஃப்செட்டைத் தேடுவது, இரண்டாவதில் எண்களை மதிப்பாக மாற்றுவது. ஒரே சுற்றில் முடிக்க முயன்றால் கிளாங் கோடில் எல்லாப் பெயரும் தவறும்.

---

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

த்ரெட் பற்றி மட்டும் சொல்கிறேன். மியூடெக்ஸ் போட்டு அச்சிட்டால் வரிகள் கலக்காது, ஆனால் வரிசை ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறும். வரம்பு 10 என்றால் எந்தப் பத்து வந்தது என்பதும் மாறும். அண்ணன் சொன்ன ஒப்பீடு அப்போது பயன்படாது.

நம்ம ஊர்க் கணக்கு முறைதான் இதற்குத் தீர்வு. அடுத்தாள் சிட்டையில் எழுதுவான், பேரேட்டில் ஏற்றுவது ஒரே கை. ஒவ்வொரு வேலை த்ரெட்டும் தான் படிக்கும் யூனிட்டுக்கு ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு அதில் மட்டும் எழுதட்டும். த்ரெட் லோக்கல் பாயிண்டர் ஒன்று அந்தப் பட்டியலைக் காட்டினால் முறையீட்டு ஃபங்ஷனின் கையொப்பத்தை மாற்ற வேண்டியதில்லை. எல்லாம் முடிந்த பிறகு மெயின் த்ரெட் யூனிட் வரிசைப்படி பட்டியல்களை எடுத்து, எண்ணி, வரம்பு வைத்து வெளியே விடட்டும். ஜிடிபி-யும் வேலை த்ரெட்டில் வரும் முறையீடுகளைப் பிடித்துவைத்துப் பிறகு மெயின் த்ரெட்டில்தான் வெளியிடுகிறது.

பட்டியல் பெருத்துவிடும் என்ற பயம் வேண்டாம். வரம்பு 10 என்றால் ஒரு யூனிட்டின் பட்டியலில் ஒரு வகைக்குப் பத்துக்கு மேல் வைக்கத் தேவையில்லை. பதினோராவது எப்படியும் வெளியே வராது. வெறும் எண்ணிக்கையை மட்டும் கூட்டிக்கொண்டால் போதும்.

எக்செப்ஷனை மறந்துவிடாதீர்கள். வேலை த்ரெட்டிலிருந்து தப்பி வெளியே போனால் மொத்த டீபக்கரும் நின்றுவிடும். யூனிட் அளவில் பிடித்து, எக்செப்ஷன் பாயிண்டராக அந்த யூனிட்டின் பட்டியலோடு சேர்த்து அனுப்புங்கள். முகவரியை எழுத்தாக்கும் ஃபங்ஷன் ஸ்டாடிக் பஃபரில் எழுதுகிறதா என்றும் பாருங்கள். பழைய கோடுகளில் அது மிகச் சாதாரணம். த்ரெட் லோக்கல் ஆக்குங்கள், அல்லது ஸ்டிரிங்கையே திருப்பித் தாருங்கள்.

---

புதுவயல்காரன் எழுதியது:

அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. அறுபத்து மூன்றையும் வகை பிரித்தாயிற்று: பிழை 5, எச்சரிக்கை 4, மிச்சமெல்லாம் முறையீடு. டுவார்ஃப் 4 கொடியோடு ஓட்டினால் பெயர்ச் சிக்கல் இல்லை, அக்கா சொன்னதுதான் காரணம்.

ஆனால் ஒன்று இன்னும் குவிகிறது: 'ஃபங்ஷனின் தொடக்க முகவரி 0'. ஃபங்ஷன் செக்‌ஷன்ஸ் கொடியும், பயன்படாத ஃபங்ஷன்களை நீக்க லிங்கரில் ஜிசி செக்‌ஷன்ஸும் பயன்படுத்துகிறோம். ஜிடிபி 0 முகவரியில் ஏதாவது செக்‌ஷன் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் அந்த ஃபங்ஷனைத் தள்ளிவிடுகிறது என்று படித்தேன். எங்களுக்கோ ஃபிளாஷே 0-இல்தான். அந்தச் சோதனை எங்களைக் காப்பாற்றாது அல்லவா? முகவரி 0-க்கு அருகில் எதைக் கேட்டாலும், நீக்கப்பட்ட ஏதோ ஒரு ஃபங்ஷனின் பெயர்தான் வருகிறது.

---

அரியக்குடி எழுதியது:

காப்பாற்றாது தம்பி, சரியாகப் பிடித்தீர்கள். யாரும் அழைக்காத ஃபங்ஷனை லிங்கர் தூக்கிவிடுகிறது, அதன் டீபக் தகவலைத் தூக்குவதில்லை. அந்த முகவரி குனு லிங்கரில் 0 ஆகிவிடும். நீளம் 200 என்றால் உங்கள் அட்டவணையில் அது 0 முதல் 199 வரை பரவிக் கிடக்கும். இப்படி நீக்கப்பட்டவை எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக அங்கே குவிந்திருக்கின்றன.

உங்கள் சிப்புக்கு எளிய வழி இருக்கிறது. கார்டெக்ஸ் எம்-இல் வெக்டர் அட்டவணையின் முதல் சொல் தொடக்க ஸ்டாக் பாயிண்டர், இரண்டாவது ரீசெட் வெக்டர். முதல் 16 இடம் கோருக்கே போய்விடும், அதாவது 64 பைட். உங்கள் ஃபிளாஷ் 0-இல் தொடங்குவதால் அந்த அட்டவணையும் அங்கேதான். ஆகவே 0-இல் தொடங்கும் ஃபங்ஷன் உங்கள் போர்டில் உண்மையாக இருக்கவே முடியாது. இதைச் சிப் சார்ந்த ஒரு ஹூக்காக வையுங்கள். பொது வாசிப்பானில் நேரடியாக எழுதினால், நாளை வேறு சிப்புக்குப் போகும்போது நிஜமான ஃபங்ஷன் ஒன்று காணாமல் போகும்.

அந்த ஹூக்கை வரி அட்டவணைக்கும் போடுங்கள். 0-இல் தொடங்கும் வரித் தொடர்களைத் தள்ளாமல் அப்படியே வைத்திருந்தால் பிரேக்பாயிண்ட் முகவரி 0-க்கு அருகில் போய் விழும். முகவரி வீச்சுப் பட்டியலில் 4-ஆம் பதிப்புக்கு இன்னொரு நுணுக்கம்: அங்கே 0, 0 என்பது பட்டியல் முடிவு. ஆகவே நீக்கப்பட்டதற்கு குனு லிங்கர் அங்கே 1 எழுதும். 0-ஐ மட்டும் சோதித்தால் அது நழுவும். எல்எல்டி லிங்கருக்கு மாறினாலும் இயல்பாக இதே மதிப்புகள்தான்; ஆனால் கொடி கொடுத்தால் எல்லா பிட்டும் 1 ஆன முகவரியும் வரலாம். அதோடு நீளத்தைக் கூட்டினால் எண் சுற்றிக்கொள்ளும், கூட்டுவதற்கு முன்பே பாருங்கள்.

எல்ஃப் சிம்பல் அட்டவணையோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க நினைத்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: தம்ப் (கார்டெக்ஸ் எம் ஓட்டும் கட்டளை வடிவம்) ஃபங்ஷன்களுக்கு அங்கே முகவரியின் கடைசி பிட் 1 ஆக இருக்கும், டுவார்ஃபில் இருக்காது. அந்த பிட்டை அழித்துவிட்டு ஒப்பிடுங்கள். டாலர் குறியோடு தொடங்கும் மேப்பிங் சிம்பல்களையும் ஃபங்ஷனாக எண்ணிவிடாதீர்கள்.

இன்னொன்று. ஜிசி செக்‌ஷன்ஸ் போட்டால் இது வரத்தான் செய்யும், கம்பைலரின் கோளாறு இல்லை. இதை முறையீட்டுப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டு, 'நீக்கப்பட்ட ஃபங்ஷன் இத்தனை' என்று புள்ளிவிவரத்தில் ஒரே எண்ணாக வையுங்கள். எப்போதும் வரும் செய்தி பட்டியலை நிறைத்தால், உண்மையான கோளாறு அதற்குள் மறைந்துவிடும்.

---

செக்காலை ரோடு எழுதியது:

நகர்த்தத் தொடங்கும் முன் பத்துப் பதினைந்து எல்ஃப் ஃபைலை ஒதுக்கி வையுங்கள்: ஆப்டிமைஸ் செய்தது, செய்யாதது, ஜிசிசி, கிளாங், டுவார்ஃப் 4, 5. ஒவ்வொன்றுக்கும் சிம்பல் பட்டியலையும் முறையீட்டுப் பட்டியலையும் டெக்ஸ்ட் ஃபைலாக எழுதி ரெப்போவிலேயே போடுங்கள். நகர்த்தும் கமிட் ஒவ்வொன்றுக்குப் பிறகும் அவை ஓர் எழுத்துகூட மாறக்கூடாது. மாறினால் அது நகர்த்தல் இல்லை. உங்கள் வெளியீடு சரியா என்ற ஐயம் வந்தால் ரீட்எல்ஃப் அல்லது எல்எல்விஎம் டுவார்ஃப் டம்ப் காட்டுவதோடு ஒப்பிடுங்கள்.

உடைந்த ஃபைலும் வேண்டும். ஆப்ஜ்காப்பியின் 'அப்டேட் செக்‌ஷன்' கொடியால் சுருக்கப் பகுதியைப் பாதியில் வெட்டி மாற்றி வைத்தால் ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடும். ஓடும்போதே தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரும் அன்டிஃபைண்ட் சானிடைசரும் போட்டு அந்த ஃபைல்களை ஓட்டுங்கள். லெப்128-இல் 64 பிட்டுக்கு மேல் ஷிஃப்ட் ஆவது அங்கேதான் பிடிபடும்.

நகர்த்தும் கமிட்டில் ஒரு பெயரைக்கூட மாற்றாதீர்கள். ரிவ்யூ செய்பவர் கிட் டிஃபில் 'கலர் மூவ்ட்' போட்டுப் பார்த்தால், இடம் மாறிய வரிகள் தனி நிறத்தில் வரும், மிச்சம் இருப்பதை மட்டும் படித்தால் போதும். பெயர் மாற்றம் அடுத்த கமிட்டில்.

கடைசியாக, பிளக்இன்னின் கால்பேக்கை மியூடெக்ஸ் பிடித்துக்கொண்டே அழைக்காதீர்கள். பிளக்இன் அந்தச் செய்தியைக் காட்டுவதற்காக ஒரு சிம்பலைத் தேடும், அந்தத் தேடல் இதுவரை படிக்காத ஒரு யூனிட்டைத் திறக்கும், அங்கே இன்னொரு முறையீடு எழும், அது அதே மியூடெக்ஸுக்குக் காத்து நிற்கும். பட்டியலை லாக்குக்குள் ஸ்வாப் செய்து வெளியே எடுத்துக்கொண்டு, லாக்கை விட்ட பிறகு கால்பேக்கை அழையுங்கள்.